குசினிப் பக்கம்: இரவில் ஊறும் ஓட்ஸ்



சுபஹுத் தொழுது முடிந்ததிலிருந்து பிள்ளைகள் படலையைத் தாண்டும் வரை நம் கையில் இருப்பது இரண்டு மணித்தியாலம்தான். பாடசாலை மணி ஏழரைக்கு அடித்துவிடும். அதற்குள் தேத்தண்ணி வைக்க வேண்டும். வயலுக்குப் போகிறவருக்குச் சாப்பாடு கட்ட வேண்டும். பகல் கறிக்குத் தேங்காய் துருவ வேண்டும். இடியப்பமா பிட்டா என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே பாண் விற்கிற ஓட்டோவின் பாட்டுச் சத்தம் ஒழுங்கைக்குள் வந்துவிடும். இரண்டு இறாத்தல் பாண், கொஞ்சம் சம்பல், காலைச் சாப்பாடு முடிந்தது. நமக்கு? ஒரு பிளேன்டீ. "பிறகு சாப்பிடுவோம்" என்று சொல்லிச் சொல்லியே பகல் பன்னிரண்டு மணியாகிவிடுகிறது. பெரியமடுவில் நான் போகிற வீடுகளில் பத்துக்கு ஏழிலாவது இந்தக் கதைதான். உங்கள் ஊரிலும் இதில் பெரிய வித்தியாசம் இருக்காது.

இந்த மாதம் ஓட்ஸைப் பற்றி எழுதச் சொல்லிக் கேட்டிருக்கிறீர்கள். வெளிநாட்டில் பிள்ளைகள் இருக்கிற வீடுகளில் "இரவே ஊறப் போட்டுவிட்டுப் படுங்கள் உம்மா, காலையில் எடுத்துச் சாப்பிடலாம்" என்று சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். கிளினிக்கில் சீனி வருத்தத்துக்கும் கொலஸ்ட்ரோலுக்கும் மருந்தெடுக்கிற மாமிமாருக்கும் ஓட்ஸ் நல்லது என்று சொல்லியிருக்கிறார்கள். ஆனால் எந்த ஓட்ஸ், எப்படி ஊறவைப்பது, பிரிட்ஜ் இல்லாத வீட்டில் என்ன செய்வது என்று யாரும் விவரமாகச் சொன்னதாகத் தெரியவில்லை. சொல்லாமல் விட்டதில்தான் ஆபத்தும் இருக்கிறது.

முதலில் கடையில் இருப்பதைப் பார்ப்போம். ஓட்ஸ் என்பது குளிர் நாடுகளில் விளையும் ஒரு தானியம். நம் வெயிலுக்கு அது வராது. நமக்குக் கிடைப்பதெல்லாம் கப்பலில் வந்ததுதான். உமி நீக்கிய முழு மணியை இரும்புக் கத்தியால் இரண்டு மூன்று துண்டாக வெட்டினால் அது ஸ்டீல் கட் ஓட்ஸ். பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம், நம் வீட்டுக் குறுணல் போன்றதுதான். அதே மணியை ஆவியில் வேகவைத்து உருளைக்கு நடுவே நசுக்கினால் தட்டையான ஓட்ஸ். நாம் வழக்கமாகப் பக்கற்றில் வாங்குவது இது. அதை இன்னும் மெல்லியதாக நசுக்கி, சிலவேளை சீனியும் வாசனையும் கலந்து, சுடுதண்ணீர் ஊற்றினால் போதும் என்று விற்பது உடனடி ஓட்ஸ்.

மூன்றும் ஒரே தானியம்தான், ஆனால் உடம்பில் ஒரே மாதிரி வேலை செய்வதில்லை. சாப்பிட்ட பின் இரத்தத்தில் சீனி எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்பதற்கு ஓர் அளவு வைத்திருக்கிறார்கள். சுத்தமான குளுக்கோஸுக்கு 100 என்று கணக்கு. ஸ்டீல் கட் ஓட்ஸுக்கு அது ஏறத்தாழ 55. உடனடி ஓட்ஸுக்கு ஏறத்தாழ 75. மணி எவ்வளவு நொறுங்குகிறதோ அவ்வளவு சீக்கிரம் செரித்துவிடும், அவ்வளவு சீக்கிரம் சீனியும் ஏறும். ஆகவே சீனி வருத்தக்காரருக்கென்று விலை கொடுத்து வாங்குகிறீர்கள் என்றால், சிறு பைகளில் வருகிற இனிப்புக் கலந்த உடனடி ஓட்ஸை விட்டுவிடுங்கள். அது பாணுக்குப் பதிலாக வந்த இன்னொரு பாண்தான்.

ஸ்டீல் கட் மெதுவாகத்தான் வேகும். அப்படியே அடுப்பில் வைத்தால் இருபத்தைந்து நிமிடம், அரை மணித்தியாலம் என்று நின்று கிண்ட வேண்டும். காலையில் யாருக்கு அந்த நேரம் இருக்கிறது? அங்கேதான் இரவு ஊறவைப்பது கைகொடுக்கிறது. ஏழெட்டு மணித்தியாலம் தண்ணீரில் கிடந்த மணி பத்து, பன்னிரண்டு நிமிடத்தில் வெந்துவிடும். உழுந்தையும் கடலையையும் ஊறப் போடுகிற நமக்கு இது புதிதல்ல.

இரவில் ஊறவைத்த ஓட்ஸை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பேர் வாங்கியவர் பேர்ச்சர் பென்னர் என்ற சுவிற்சர்லாந்து டொக்டர். 1900ஆம் ஆண்டையொட்டி, சூரிச் நகரில். இன்றைக்கு மியூஸ்லி என்று டின்னில் விற்கிறார்களே, அதற்கு மூலம் அவர் செய்த சாப்பாடுதான். அவருடைய செய்முறையைக் கேளுங்கள்: ஒரு மேசைக்கரண்டி ஓட்ஸ், மூன்று மேசைக்கரண்டி தண்ணீர், பன்னிரண்டு மணித்தியாலம் ஊறல். காலையில் அதில் எலுமிச்சம் புளி, ஒரு கரண்டி டின்பால், தோலோடு துருவிய அப்பிள், கொஞ்சம் பருப்பு வகை. கவனித்தீர்களா? பிரிட்ஜ் இல்லாத காலம். அந்தக் குளிர் நாட்டிலேயே அவர் இரவில் ஊற்றியது வெறும் தண்ணீர். பால் சேர்த்தது காலையில், அதுவும் டின்பால்.

இதை ஏன் இவ்வளவு இழுத்துச் சொல்கிறேன் என்றால், இப்போது படம் போட்டுக் காட்டுகிற செய்முறைகளில் எல்லாம் இரவே பாலை ஊற்றி மூடி வைக்கச் சொல்கிறார்கள். சொல்கிறவர் வீட்டில் பிரிட்ஜ் இருக்கிறது. அதற்கு இடைவிடாமல் கரண்டும் இருக்கிறது. நம் மன்னார்ப் பக்கத்தில் பல மாதங்களில் இரவு நேரத்திலும் குசினிக்குள் இருபத்தைந்து பாகைக்கு மேல் வெப்பம் நிற்கும். ஐந்து பாகைக்கும் அறுபது பாகைக்கும் இடைப்பட்ட சூட்டில்தான் கிருமிகள் பெருகும். பால் ஊற்றிய ஓட்ஸை இரவு பத்து மணிக்கு மேசையில் வைத்து, காலை ஆறு மணிக்குப் பிள்ளைக்குக் கொடுத்தால், எட்டு மணித்தியாலம் பழுதாகக் கிடந்த பாலைத்தான் கொடுக்கிறோம். மணமும் சிலவேளை மாறியிருக்காது. பிள்ளை பாடசாலையில் வாந்தி எடுத்த பிறகுதான் தெரியும்.

"பழஞ்சோறு மட்டும் இரவு முழுக்க வெளியில்தானே இருந்தது? உம்மம்மாமார் சாப்பிட்டு நன்றாகத்தானே இருந்தார்கள்?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். சோறு முழுவதும் முங்கும்படி தண்ணீர் ஊற்றி மண்சட்டியில் வைத்தால், தயிரைப் புளிக்கவைக்கிற வகைக் கிருமிகள் அதில் பெருகிப் புளிப்பு உண்டாகும். அந்தப் புளிப்பு மற்றக் கெட்ட கிருமிகளை அடக்கிவைக்கும். அதற்கும் ஒரு ஒழுங்கு இருந்தது: சோறு ஆறியதும் தண்ணீர் விட வேண்டும், சட்டி சுத்தமாக இருக்க வேண்டும், காலையிலேயே சாப்பிட்டு முடிக்க வேண்டும். பாலும் வாழைப்பழமும் சீனியும் போட்டுக் குழைத்த ஓட்ஸில் இந்தக் காவல் வருவதற்குள் விடிந்துவிடும். இரண்டையும் ஒன்றாக நினைக்க வேண்டாம்.

இனிச் செய்முறைக்கு வருவோம்.

பிரிட்ஜ் இல்லாத வீடு என்றால் இப்படிச் செய்யுங்கள். நாலு பேருக்கு ஒரு தேநீர்க் கோப்பை ஸ்டீல் கட் ஓட்ஸ். ஒரு தடவை அலசி, மூன்றரைக் கோப்பை கொதித்தாறிய தண்ணீர் விட்டு, மூடி, படுக்கப் போகும்போது வையுங்கள். மக்ரிபுக்கே ஊறப் போட்டுவிட வேண்டாம், அது நம் சூட்டுக்கு அதிகம். பாலும் வேண்டாம், தேங்காய்ப் பாலும் வேண்டாம், சீனியும் வேண்டாம். பச்சைத் தண்ணீரும் தானியமும் மட்டும். காலையில் அதே தண்ணீரோடு அடுப்பில் வைத்து, ஒரு சிட்டிகை உப்புப் போட்டு, கொதி வந்ததும் நெருப்பைக் குறைத்துப் பத்து நிமிடம் விடுங்கள். அடி பிடிக்கிற குணம் இதற்கு உண்டு; அடிப்பாகம் தடித்த சட்டி நல்லது. இறக்குவதற்குச் சற்று முன் இரண்டு மேசைக்கரண்டி பால்மாவை வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்து ஊற்றுங்கள். பால்மா தூளாக இருக்கும்வரை அதற்கு ஒன்றும் ஆகாது. கரைத்த நிமிடத்திலிருந்து அது பச்சைப் பால் மாதிரித்தான் பழுதாகும். இதனால்தான் காலையில் கரைக்கச் சொல்கிறேன். திறந்து பார்க்கும்போது புளித்த மணம் அடித்தால் யோசிக்காமல் கொட்டிவிடுங்கள்.

இரவே ஒரு கொதி கொதிக்கவைத்து அடுப்பிலேயே மூடிவைத்துவிட்டுப் படுக்கச் சொல்கிற முறை ஒன்றும் உண்டு. குளிர் தேசத்துக்கு அது சரி. நமக்கு வேண்டாம். வெந்த தானியம் வெதுவெதுப்பான சூட்டில் மணிக்கணக்காகக் கிடந்தால் அதில் உண்டாகும் ஒரு வகை நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது. சோறு, கஞ்சி எல்லாவற்றுக்கும் இதே கதைதான். வேகாத தானியத்தை ஊறப் போடுங்கள், காலையில் வேகவையுங்கள்.

தட்டையான ஓட்ஸ்தான் கடையில் கிடைத்தது என்றால் பிரிட்ஜ் இல்லாத வீட்டில் ஊறவைக்கிற வேலையே தேவையில்லை. காலையில் ஒரு கோப்பைக்கு இரண்டு கோப்பைத் தண்ணீர் வைத்து ஐந்து நிமிடம் கிண்டினால் முடிந்தது. நாகரிகத்துக்காக இரவில் ஊறவைத்து வயிற்றைக் கெடுத்துக்கொள்வானேன்?

பிரிட்ஜ் உள்ளவர்களுக்கு அடுப்பே தேவையில்லை. ஜாம் போத்தல்களை நன்றாகக் கழுவி, சுடுதண்ணீர் விட்டு அலசிக் காயவைத்துக்கொள்ளுங்கள். ஒரு போத்தலுக்கு அரைக் கோப்பை தட்டை ஓட்ஸ், அரைக் கோப்பை காய்ச்சி ஆறிய பால், இரண்டு மேசைக்கரண்டி தயிர், ஒரு தேக்கரண்டி எள்ளு. கிளறி மூடி உடனே பிரிட்ஜில் வைத்துவிட வேண்டும். காலையில் பழம் வெட்டிப் போட்டுக்கொள்ளலாம். பப்பாசி, மாம்பழம், கதலி வாழைப்பழம், எது வீட்டில் இருக்கிறதோ அது. சீனிக்குப் பதிலாக இரண்டு பேரீச்சம்பழத்தைக் கொட்டை நீக்கி நறுக்கி இரவே போட்டால் ஊறி இனிப்பு இறங்கிவிடும். சீனி வருத்தக்காரருக்கு ஒன்று போதும். இரண்டு நாளைக்குச் சேர்த்துச் செய்து வைக்கலாம், அதற்கு மேல் வேண்டாம். ஸ்டீல் கட்டை இந்த முறையில் செய்தால் மென்றுகொண்டே இருக்க வேண்டும். பல் நல்லாயிருக்கிற இளசுகளுக்கு அது பிடிக்கிறது, நம் மாமிமாருக்குச் சரிவராது.

கரண்ட் போனால்? கதவைத் திறக்காமல் வைத்தால் பிரிட்ஜ் நாலு மணித்தியாலம் வரை குளிரைத் தாங்கும். 2022 மார்ச் கடைசியில் நாடு முழுக்கப் பதின்மூன்று மணித்தியாலம் கரண்ட் வெட்டினார்களே, அப்படிப்பட்ட நாளில் போத்தல் வேலை சரிவராது. அதே வருடம்தான் கேஸ் சிலிண்டருக்கும் வரிசையில் நின்றோம். விறகானாலும் கேஸானாலும், முப்பது நிமிடத்தை ஊறல் பத்தாக்கித் தருகிறது என்றால் அதுவும் ஒரு வருமானம்தான்.

சரி, இவ்வளவு பாடுபட்டால் கிடைப்பது என்ன? ஓட்ஸில் பீட்டா குளுக்கான் என்று ஒரு வகை நார்ச்சத்து இருக்கிறது. கஞ்சியில் வழவழப்பாகத் தெரிகிறதே, அதுதான். குடலில் அது கூழ்போல் நின்று பித்தநீரைப் பிடித்து வெளியேற்றும். உடம்பு புதிதாகப் பித்தநீர் செய்ய இரத்தத்திலிருக்கும் கொலஸ்ட்ரோலை எடுத்துக்கொள்ளும். அதனால் கொலஸ்ட்ரோல் குறையும். நாளொன்றுக்கு மூன்று கிராம் பீட்டா குளுக்கான் வேண்டும் என்ற கணக்கை வைத்து 1997இல் அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் ஓட்ஸ் பக்கற்றுகளில் இந்த நன்மையை அச்சிட அனுமதி கொடுத்தது. மூன்று கிராமுக்கு முக்கால் கோப்பை ஓட்ஸ் தினமும் வேண்டும். வாரத்தில் ஒரு நாள் நாலு கரண்டி சாப்பிட்டுவிட்டு "ஓட்ஸும் சாப்பிட்டுப் பார்த்தேன், ஒன்றும் குறையவில்லை" என்று சொல்வதில் அர்த்தமில்லை. அதைவிட முக்கியமானது, ஓட்ஸ் சாப்பிடுகிறோம் என்று கிளினிக் மாத்திரையை நீங்களாகக் குறைக்கவோ நிறுத்தவோ கூடாது.

ஊறவைத்தால் தானியத்திலுள்ள பைட்டிக் அமிலம் எல்லாம் போய்விடும், சத்து பல மடங்கு கூடும் என்றும் ஒரு பேச்சு உண்டு. ஓட்ஸைப் பொறுத்தவரை இது பெரும்பாலும் வெறும் பேச்சு. அந்த அமிலத்தை உடைக்கிற பொருள் ஓட்ஸில் குறைவு. இருப்பதும் ஆலையில் சூடாக்கும்போதே செத்துவிடுகிறது. இரும்புச் சத்து உடம்பில் சேர வேண்டுமென்றால் வேறு வழி இருக்கிறது: சாப்பாட்டோடு தேத்தண்ணி குடிக்காமல் ஒரு மணித்தியாலம் தள்ளிக் குடியுங்கள், பப்பாசியோ தேசிக்காய்ப் புளியோ சேர்த்துக்கொள்ளுங்கள். இரத்தம் குறைவென்று கிளினிக்கில் சொல்லிவிட்ட தாய்மாருக்கு இது முக்கியம். நமக்குப் பிளேன்டீயை விடுவதுதான் பெரிய தியாகம், தெரியும்!

பணத்தையும் பேச வேண்டும். ஸ்டீல் கட் ஓட்ஸ் கொழும்புச் சுப்பர் மார்க்கெட்டுகளில் கிடைக்கும், விலையும் அதற்கேற்றபடிதான். நம் ஊர்க் கடையில் தேடினால் கிடைக்காது. நோயாளி ஒருவருக்கென்று வாங்குவது வேறு. வீடு முழுவதற்கும் மாதம் முழுவதும் வாங்க முடியாது. நெல் விளைகிற ஊரில் இருந்துகொண்டு அதற்காக ஏங்க வேண்டியதும் இல்லை. வேலை செய்வது தவிடு போகாத மணியும், அது முழுசாகவோ பெரிய துண்டாகவோ இருப்பதும், இரவு ஊறலும்தான். பீட்டா குளுக்கான் அரிசியில் இல்லை என்பது உண்மை. மற்றபடி, தீட்டாத சிவப்புப் பச்சையரிசியின் குறுணல் பாணைவிடப் பல படி மேல்.

அரைக் கோப்பைச் சிவப்பரிசிக் குறுணலை இலேசாக வறுத்து வைத்துக்கொள்ளுங்கள். படுக்கும்போது கழுவி ஊறப் போட்டு, காலையில் மூன்று கோப்பைத் தண்ணீர், நாலு பல்லு உள்ளி, அரைத் தேக்கரண்டி வெந்தயம், ஒரு துண்டு றம்பை போட்டு அவியுங்கள். பதினைந்து நிமிடத்தில் குழையும். கடைசியில் தேங்காயின் இரண்டாம் பால் விட்டு ஒரு கொதியோடு இறக்குங்கள். கொலஸ்ட்ரோல் உள்ளவர்கள் முதற்பாலை நினைக்க வேண்டாம். நோன்புக் கஞ்சி வைக்கத் தெரிந்த கைக்கு இதைச் சொல்லித் தருவது அதிகம்தான். குரக்கன் மாவும் அப்படியே: மூன்று மேசைக்கரண்டி மாவை இரவில் தண்ணீரில் கரைத்துவைத்து, காலையில் கட்டி விழாமல் கிண்டினால் ஏழெட்டு நிமிடம். நூறு கிராம் குரக்கனில் முந்நூறு மில்லிகிராமுக்கு மேல் கல்சியம் இருக்கிறது; ஓட்ஸில் அதில் ஆறிலொன்று கூட இல்லை. வளரும் பிள்ளைக்கும் பால் கொடுக்கிற தாய்க்கும் குரக்கன்தான் நான் சொல்வது.

இந்தக் கஞ்சிகள் எல்லாம் நம் வீடுகளில் இருந்தவைதாம். 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் எல்லோரும் வெளியேற்றப்பட்டபோது வயலும் நெல் மூட்டையும் உரலும் அப்படியே நின்றன. புத்தளத்து முகாம்களில் ஓலைக் கொட்டிலுக்குள் நிவாரண மாவுக்குப் பழகினோம். றொட்டியும் பாணும் காலைச் சாப்பாடாகிவிட்டன. 2009க்குப் பிறகு காடு வெட்டிக் காணிக்குத் திரும்பியவர்கள் நெல்லை மீட்டுக்கொண்டார்கள். காலைக் கஞ்சி மட்டும் இன்னும் பாதி வீடுகளுக்குத் திரும்பவில்லை என்பது என் கணிப்பு. முகாமில் பிறந்து வளர்ந்த மருமகள்மாருக்கு அதைக் காட்டிக்கொடுக்க ஆளில்லாமல் போனது ஒரு காரணம். வீட்டில் மூத்தம்மா இருந்தால் ஒரு நாள் குசினிக்குள் கூப்பிட்டுக் கேட்டுவையுங்கள். வாற்கோதுமை மாவில் காய்ச்சும் தல்பீனாவை நோயாளிக்கும் துக்க வீட்டாருக்கும் கொடுக்கச் சொல்லி ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்த ஹதீஸை நீங்கள் அறிவீர்கள். ஓட்ஸிலுள்ள அதே பீட்டா குளுக்கான் வாற்கோதுமையிலும் இருக்கிறது. ஓட்ஸ் கிடைக்காத ஊரில் பார்லி கிடைத்தால் அதுவும் நல்ல மாற்று. இரவு ஊறவைத்தால் அதுவும் சீக்கிரம் வேகும்.

பிள்ளைகள் "வழவழ" என்று முகம் சுளித்தால் இனிப்பை விட்டு உறைப்புப் பக்கம் போய்ப் பாருங்கள். ஊறிய ஸ்டீல் கட்டை வடித்து, சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், கறிவேப்பிலை தாளித்து, அளவான தண்ணீரில் உதிரியாக அவித்து, ஒரு முட்டையை உடைத்துக் கிண்டினால் உப்புமா மாதிரி வரும். பக்கத்தில் மாசிச் சம்பல் இருந்தால் பெரியவர்களும் கேட்டு வாங்குவார்கள்.

நோன்பு மாதத்தில் ஸஹருக்கு இந்த ஊறல் இன்னும் உதவும். தராவீஹ் முடிந்து வந்து ஊறப் போட்டால், ஸஹருக்கு எழும்பும்போது பத்து நிமிட வேலைதான் மிச்சம். மற்றவர்களைவிட அரை மணித்தியாலம் முந்தி எழும்ப வேண்டியதில்லை. நார்ச்சத்து அதிகம் என்பதால் கூடவே இரண்டு கிளாஸ் தண்ணீர் குடிக்க வேண்டும், இல்லாவிட்டால் வயிறு இறுகும். சட்டியில் இருப்பதை அளந்து ஊற்றும்போது உங்களுடைய கோப்பையையும் மற்றக் கோப்பைகளோடு வரிசையில் வைத்து முதலிலேயே ஊற்றிவிடுங்கள். மிஞ்சினால் நமக்கு என்று விட்டால் அது மிஞ்சாது.